கல்தூசும் உப்புத் தண்ணீரும்: ஓசூர் வட்டாரத்தில் கார்க் கண்ணாடி துடைப்பது பற்றி

கார்க் கண்ணாடியை வீட்டில் எதைக் கொண்டு துடைப்பது? கேள்வி சின்னது, பதில்களுக்குத்தான் கணக்கில்லை. பழைய செய்தித்தாள் என்பார் ஒருவர். பனியன் வேஸ்ட் போதும் என்பார் மெக்கானிக். வினிகர் சமையலறையின் கட்சி. நீல ஸ்பிரே கடைக்காரரின் கட்சி. இவற்றில் எதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரின் தூசையும் தண்ணீரையும் மனதில் வைத்துப் பிறந்தது. ஓசூரில் தொடங்கிச் சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி வரை நீளும் தொழிற்பட்டையில் தூசும் வேறு, தண்ணீரும் வேறு. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே சறுக்குகின்றன, இந்த மண்ணில் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

சிம்னியிலிருந்து முன்கண்ணாடிக்கு

கண்ணாடி துடைக்கும் வேலை நம் வீடுகளுக்குக் காரோடு வந்ததல்ல. அரிக்கேன் விளக்கின் சிம்னியில் படிந்த கரியை, விபூதியோ அடுப்புச் சாம்பலோ தொட்டுத் துணியால் துடைப்பது மின்சாரம் வரும்வரை அந்திநேர வேலைகளில் ஒன்று. சாம்பலுக்கு இரண்டு குணம் உண்டு. அதன் காரம் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும். அதன் நுண்துகள் சுரண்டும். சிம்னிக்கு அது பொருத்தமான மருந்துதான். வெளிச்சம் வெளியே வந்தால் போதும். சிம்னி வழியாக யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை. கீறல் விழுந்தாலும் நட்டமில்லை. காரின் முன்கண்ணாடி வழியாகவோ உருவம் தெரிய வேண்டும். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் ஒவ்வொரு மயிரிழைக் கீறலிலும் பட்டுச் சிதறும். சிம்னிக் காலத்துப் பாடத்தை அப்படியே காருக்குக் கொண்டுவந்ததில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது எனலாம்.

காரின் கண்ணாடியும் ஒரே சரக்கல்ல. மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி கையால் இயக்கும் வைப்பருக்கு 1903இல் காப்புரிமை பெற்றார். பிரான்ஸின் எடுவார் பெனெடிக்டஸ், இரு தகடுகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடிக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். இன்றைய முன்கண்ணாடி அந்த வம்சம், நடுவிலுள்ள பி.வி.பி. படலத்தின் தடிமன் பெரும்பாலும் 0.76 மி.மீ. பக்கக் கண்ணாடிகள் பொதுவாகச் சூடேற்றித் திடீரெனக் குளிர்வித்த டெம்பர்டு வகை. பல கார்களின் பின்கண்ணாடியில், உட்புறமாக, ஆவியைப் போக்கும் மின்கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். அங்கே கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும்; குறுக்கே அழுத்தித் தேய்த்தால் கோடு அறுந்துபோகலாம்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதி 100, முன்-பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியைக் கடத்த வேண்டும் என்கிறது. கறுப்பு ஃபிலிம் குறித்த வழக்கில் 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறார் காட்டியது இதன் அடிப்படையில்தான். விதி கேட்பது கண்ணாடியின் தரத்தை. அதன்மேல் படிந்த தூசை எந்த விதியும் அளப்பதில்லை.

தாள் கட்சி

செய்தித்தாளுக்கு ஆதரவாளர்கள் அதிகம், காரணமும் உண்டு. தாளின் நார்கள் அழுத்தி இறுக்கப்பட்டவை; பருத்தித் துணிபோல் பஞ்சு விடாது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். காசும் இல்லை. அச்சு மையிலுள்ள கரித்துகள் கண்ணாடிக்கு மெருகேற்றுகிறது என்பது கூடுதலாகச் சொல்லப்படும் பெருமை. இது கொஞ்சம் மிகைப்பட்ட கூற்றாகவே தோன்றுகிறது. மெருகு தெரிவதற்குத் தாள் கடைசி ஈரத்தை எடுத்துவிடுவதே போதுமான விளக்கம்.

தாளின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. நனைந்த தாள் சீக்கிரம் கிழியும். மை விரலிலும், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரிலும், வெளிர்நிறக் கூரைத் துணியிலும் ஒட்டும். அந்த மையின் காரணமாகத்தான் செய்தித்தாளில் பஜ்ஜி, போண்டா மடித்துத் தர வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் அறிவுறுத்தியது. எல்லாவற்றையும்விட, தாளுக்குத் துணிபோல் ஆழம் கிடையாது. ஒரு கல்துகள் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கினால் ஒதுங்க இடமின்றி, கை போகுமிடமெல்லாம் உழுதுகொண்டே போகும். தூசு முழுதும் போன பிறகு, உட்புறத்துக்கு, கடைசித் துடைப்பாக என்றால் தாளுக்கு இன்றும் இடமுண்டு. முதல் துடைப்புக்கு இல்லை.

துணிக் கட்சி

சிப்காட் சுற்றுவட்டாரத்து ஒர்க்‌ஷாப்புகளின் துணி பனியன் வேஸ்ட். பனியன் தொழிலில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் மூட்டையாக, கிலோ கணக்கில் வந்து இறங்குகின்றன. மெக்கானிக்குக்கு அது உயிர். ஆனால் கிரீஸ் துடைத்த துண்டே கண்ணாடிக்கும் வந்தால் பிசுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். தையல் முடிச்சும் பிசிறும் உள்ள துண்டு கீறவும் செய்யும்.

மைக்ரோஃபைபர் துணி வேறு தத்துவம். பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த இழையை மயிரைவிட மெல்லிதாகப் பிளந்து நெய்தது. அந்தப் பிளவுகளுக்குள் தூசும் எண்ணெயும் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. இன்று இதற்கு எதிரான கருத்து குறைவு. ஆனாலும் அதற்கும் சில நிபந்தனைகள். துணி மிருதுவாக்கியில் நனைத்தால் பிளவுகள் அடைபடும். கடும் சூட்டில் காயவைத்தால் இழை உருகும். ஏற்கெனவே கல்தூசு ஏறிய துணியை உதறிவிட்டு மறுபடி கண்ணாடியில் வைத்தால், அது விலை கூடிய உப்புத்தாள். வண்டியின் கீழ்ப்பகுதிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என்று நிறம் பிரித்து வைத்துக்கொள்வதற்குப் பொருள் உண்டு.

திரவக் கட்சிகள்

திரவங்களை மூன்று குலமாகப் பிரிக்கலாம்: பிசுக்கைக் கரைப்பவை, உப்பைக் கரைப்பவை, வழுக்கலைத் தருபவை. சண்டைகளில் பாதி இந்தக் குலங்களை ஒன்றாகப் பாவிப்பதால் வருவது.

கடையில் விற்கும் கண்ணாடி ஸ்பிரேக்களும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் முதல் குலம். எண்ணெய்ப் படலத்துக்கு இவை நல்ல மருந்து; உப்புக்கறையின் பக்கம் திரும்பியும் பார்க்காது. அம்மோனியா கலந்த வகை, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு ஏற்றதல்ல என்பது பரவலான எச்சரிக்கை. வினிகர், எலுமிச்சை, புளி ஆகியவை இரண்டாம் குலம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் பளபளக்கச் செய்த அதே அமிலத் தத்துவம், கால்சியம் கார்பனேட் கறையையும் கரைக்கும். மூன்றாம் குலம் ஷாம்பு. அது கறையைக் கரைப்பதைவிட, துகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வழுக்கலை உண்டாக்குகிறது. எளிய பொருள்தான், ஆனாலும் இந்தப் பகுதிக்கு மற்ற இரண்டையும்விட இதுவே முக்கியம் என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

நான்காவதாக ஒரு கள்ளக் குலம் உண்டு: டைல்ஸ் கழுவும் ‘ஆசிட்’. உப்புக்கறை போகவில்லையென்றால் இதைத் தொட்டுத் துடைக்கும் யோசனை சில இடங்களில் காதில் விழுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கண்ணாடியை விட்டுவிட்டாலும் வைப்பர் தண்டு, குரோமியப் பட்டை, பெயின்ட் ஆகியவற்றை விடாது. புளோரைடு கலந்த அமில வகையோ கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் உள்ளிறங்கிச் சேதம் செய்யும். வீட்டுவாசலில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

கண்ணாடியைவிடக் கடினமான தூசு

மேற்சொன்ன எல்லாக் கட்சிகளும் ‘எதைக் கொண்டு’ என்றே கேட்கின்றன. கண்ணாடிமேல் என்ன கிடக்கிறது என்பது கேட்கப்படாத பாதி.

கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல் பூமி. பலகை கிரானைட்டாக ஏற்றுமதியாவது ஒரு பக்கம்; கிரஷர்களில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் உடைபட்டு டிப்பர்களில் ஏறிப் பெங்களூருக் கட்டுமானங்களுக்குப் போவது இன்னொரு பக்கம். தேசிய நெடுஞ்சாலை 44இல் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு காரும் அந்த டிப்பர்களுக்குப் பின்னால் சிறிது நேரமாவது ஊர்ந்திருக்கும். அவை சிந்திச் செல்லும் தூசில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இருக்கின்றன. கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6, சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பதுதான் அந்த அளவுகோலின் ஒரே விதி.

கணக்கு இவ்வளவுதான். உலர்ந்த துணியால் முன்கண்ணாடியைத் துடைப்பவர், கண்ணாடியைவிடக் கடினமான பொடியைக் கொண்டு கண்ணாடியைத் தேய்க்கிறார். துணி எவ்வளவு மிருதுவாக இருந்தாலும் பொடியின் கடினம் குறையாது. ஓசூரிலேயே கைக்கடிகாரம் செய்யும் டைட்டன், சில உயர்விலைக் கடிகாரங்களுக்குச் சஃபையர் கண்ணாடி பொருத்துவதன் ரகசியமும் இதில் அடங்கியிருக்கிறது. சஃபையரின் மோஸ் எண் 9. தெருப்புழுதிக் குவார்ட்ஸால் அதைக் கீற முடியாது. கார் முன்கண்ணாடிக்கு அந்த வசதி வரவில்லை.

காலையில் வண்டியை எடுக்கும்போது கோழி இறகுத் துடைப்பத்தாலோ மஞ்சள் துணியாலோ ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்பும் வழக்கம் கடற்கரையின் ஈரப்புழுதிக்கோ வயற்காட்டு மண்ணுக்கோ ஒருவேளை அவ்வளவு கெடுதல் செய்யாதிருக்கலாம். கிரஷர் பக்கத்தில் அதன் விளைவு சில மாதங்களில் இரவு வெளிச்சத்தில் தெரியவரும். உலர்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடுவது இதைவிட மோசம். ஒரே வில்வளைவில், ஒரே அழுத்தத்தில், நூறு தடவை. தண்ணீர் பீய்ச்சிய பிறகே வைப்பர் அசைய வேண்டும்.

ஆகவே வரிசை மாறுகிறது. முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியைத் தானாக இறங்கவிடுவது. பிறகு ஷாம்பு நீர் நனைந்த துணியால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல். துணியை அலசி அலசி. வட்டமாகத் துடைப்பதா நேராகத் துடைப்பதா என்ற பழைய விவாதத்துக்கு இங்கே ஒரு சிறு பயன் உண்டு: நேர்கோட்டில் துடைத்தால் விழும் கீறல் ஒரு திசையில் மட்டும் மின்னும், வட்டத்தில் விழுந்தது எல்லா வெளிச்சத்திலும் மின்னும்.

தூசு மட்டுமே எதிரி அல்ல. மாமரத்தடியில் நிறுத்திய காரின் கண்ணாடியில் படியும் பிசுபிசுப்பைப் பலர் மரப்பால் என்று நினைக்கிறார்கள். பூக்கும் பருவத்தில் அது பெரும்பாலும் தத்துப்பூச்சி கழிக்கும் தேன்கழிவு. சர்க்கரைப் பொருள் என்பதால் வெதுவெதுப்பான நீரிலேயே கரையும், சுரண்டத் தேவையில்லை. பட்டறைகளில் சாணை பிடிக்கும்போது பறக்கும் இரும்புத்துகள் இன்னொரு ரகம். அது கண்ணாடியில் பதிந்து துருவேறிச் செம்புள்ளியாக நிற்கும். அதற்குக் கார் பராமரிப்புக் கடைகளில் விற்கும் களிமண்கட்டி உதவும், வழுக்கும் நீரோடு சேர்த்து. ஆயுத பூஜையன்று கண்ணாடியில் இடும் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானவை அல்ல. ஆனால் காய்ந்தபின் அவற்றின்மேல் ஒரு வாரப் புழுதி ஏறியிருக்கும். ஊறவைக்காமல் துடைக்கக் கூடாது.

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி

தண்ணீரை இரண்டாகப் பிரிக்கத் தமிழ்நாட்டில் ஆய்வகம் தேவைப்பட்டதில்லை. பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா என்பதே சோதனை. கண்ணாடிக்கும் அந்தச் சோதனை பொருந்தும்.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. மொத்தக் கரைந்த உப்புக்கு இதே வகையில் 500, 2000. குடிப்பதற்கு வைத்த எல்லை அது. கண்ணாடியின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண்ணாடிகளில் வெறும் 50 மில்லி தங்கிக் காய்ந்தாலும், 50 மில்லிகிராம் உப்பு வெள்ளைப் புள்ளிகளாக அங்கேயே இருக்கும். எந்த விலை உயர்ந்த துணியும் இதை மாற்றாது.

மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு கூடுதல் என்பதற்காகவே கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று பல வீடுகளில் ஒரு குழாயில் காவிரியும் மறு குழாயில் போர் நீரும் வருகின்றன. காருக்கு விடப்படுவது போர் நீர். நியாயமான முடிவுதான், குடிநீரைக் காருக்கு ஊற்றச் சொல்ல முடியாது. ஆனால் இங்கேதான் ஒரு நல்லெண்ணப் பிழையும் நடக்கிறது. சமையலறை ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரை வாளியில் பிடித்துக் காரைக் கழுவுகிறார்கள். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிக்கும் கருவியில், அந்தக் கழிவுநீரின் உப்பு, உள்ளே வந்த நீரைவிட மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூடுதலாக இருக்கும். தரை துடைக்கலாம், சக்கரம் கழுவலாம். கண்ணாடிக்கு அதுதான் வீட்டிலேயே மோசமான நீர்.

உப்புக்கறை காய்ந்து ஓரிரு நாளே ஆகியிருந்தால் வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடம் போர்த்தி வைத்தால் பெரும்பாலும் போய்விடும். போகாதபோது வினிகர் மோசடி என்று முடிவு கட்டுகிறார்கள். பாறைப்பகுதி நிலத்தடி நீரில் கால்சியத்தோடு கரைந்த சிலிக்காவும் உண்டு; அது படிந்தால் வினிகருக்கு அசையாது. இன்னும் நாள் கடந்தால் விஷயம் கறையின் எல்லையையே தாண்டுகிறது. கார்க் கண்ணாடியின் உட்கூறில் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் சிலிக்கா, மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். தேங்கும் நீர் கண்ணாடியிலிருந்து சோடியத்தை இழுத்துக் காரமாகி, அந்தக் காரமே சிலிக்கா வலையை மெல்ல அரிக்கிறது. வெயிலில் சூடான கண்ணாடியில் இது வேகமாக நடக்கும். அப்போது தெரிவது கண்ணாடிமேல் ஒட்டிய அழுக்கல்ல, கண்ணாடியிலேயே விழுந்த பள்ளம். சீரியம் ஆக்சைடு பொடியால் மெருகேற்றலாம் என்போர் உண்டு. பக்கக் கண்ணாடியில் கவனமாகச் செய்தால் பலன் கிடைக்கக்கூடும். முன்கண்ணாடியில் ஓரிடம் மட்டும் தேய்ந்தால் பார்வை நெளியும். அதை வீட்டு வேலையாகப் பரிந்துரைக்க இயலாது.

வெயிலில் கழுவாமல் காலையிலோ அந்தியிலோ கழுவுவது, கழுவியதும் காயவிடாமல் துடைத்தெடுப்பது, கடைசி அலசலுக்கு மட்டும் உப்பில்லாத நீர்: இந்த மூன்றும் மற்ற எல்லாக் குறிப்புகளையும்விடக் கனமானவை. ஒரு காரின் கண்ணாடிகளுக்குக் கடைசி அலசல் ஒரு லிட்டரில் முடியும். மழைநீர், ஏ.சி. வடிகுழாய் நீர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் ஆகிய மூன்றிலும் உப்பு மிகக் குறைவு. வைப்பர் தொட்டியிலும் இதையே நிரப்பினால் பீய்ச்சும் துளைகள் அடைபடுவதும் குறையும்.

உட்புறம் ஒரு தனி நோய்

வெளியே எவ்வளவு துடைத்தும் இரவில் மங்கல் போகவில்லையென்றால் கையை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் சூடாகும் டாஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருள்கள் கண்ணாடியின் உட்புறத்தில் படலமாகப் படிகின்றன. கார்த் தொழிலில் இதை அளக்கத் தனிச் சோதனைத் தரங்களே இருக்கின்றன. டாஷ்போர்டு சாமிக்கு ஏற்றும் ஊதுபத்தியின் புகையும் அங்கேதான் போய் ஒட்டுகிறது. இங்கே கல்தூசு இல்லை, உப்பும் இல்லை. ஆல்கஹால் கலந்த திரவமும் சுத்தமான துணியும் போதும். திரவத்தைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடிக்க வேண்டும், மின்பாகங்களுக்குள் வடியாதிருக்க. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் மார்கழி விடியலில் உட்புறம் ஆவி பூப்பதற்கும் இந்தப் படலம் துணைபோகிறது.

எல்லைக்கு அப்பால் ஓர் உத்தரவு

தண்ணீரே வேண்டாம் என்ற புதுக் கட்சியும் இருக்கிறது. 2024 மார்ச்சில், கடும் தட்டுப்பாட்டின்போது, பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரால் வாகனம் கழுவத் தடைவிதித்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. உத்தரவு கர்நாடகத்தோடு நின்றாலும், அதன் தாக்கம் எல்லையோரக் குடியிருப்புகள் வரை வந்ததாகவே கொள்ளலாம். தண்ணீரில்லாமல் துடைக்கும் ஸ்பிரேக்களின் வாதம் அதற்குப் பின் வலுத்திருக்கிறது. மெல்லிய வீட்டுத் தூசுக்கு அந்த ஸ்பிரேக்கள் போதுமானவை. அவற்றிலுள்ள வழுக்கும் பொருள் சிறு துகளைத் தூக்கிக்கொள்ளும். டிப்பர் புழுதி கனமாக ஏறிய கண்ணாடியில் அவற்றை நம்புவது சிரமம்.

மறுபக்கம், வாசலில் ஓடும் ஷாம்பு நீர் எங்கே போகிறது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதை ஓசூர் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறது. வீட்டுக் கார்களின் பங்கு அதில் மிகச் சிறியது. ஆனாலும் இரண்டு வாளியில் முடியும் வேலைக்குக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பதற்குக் கண்ணாடியின் பெயரால் நியாயம் கற்பிக்க இயலாது.

முடிவுறாதவை

சில இடங்களில் உறுதியாகவே பேசலாம். உலர்துடைப்பு இங்கே தவறு. ஆர்.ஓ. கழிவு கண்ணாடிக்குத் தவறு. ஆசிட் எங்கேயும் தவறு. அப்பால் தெளிவு குறைகிறது.

மழையில் பார்வை தெளிய, பீடிப் புகையிலையையோ நறுக்கிய உருளைக்கிழங்கையோ கண்ணாடியில் தேய்ப்பது லாரிக்காரர்களின் பழைய உபாயம். நீர் முத்தாகாமல் சீராகப் பரவுகிறது. இன்றைய நீர்விலக்கிப் பூச்சுகள் நேரெதிர். நீரை முத்தாக்கி ஓடவிடுகின்றன. வேகமாகப் போகும் நெடுஞ்சாலையில் பூச்சு வெல்கிறது. எல்லைச் சாவடி நெரிசலில் ஊரும் காரில் முத்துகள் நகராமல் நின்று வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. உப்புத் தண்ணீரில் கழுவினால் ஒவ்வொரு முத்தும் ஒரு வட்டக்கறையாகக் காய்கிறது. எது மேல் என்பது வண்டி ஓடும் பாதையைப் பொறுத்தது போலிருக்கிறது. அதுபோல, பழைய முன்கண்ணாடியில் தெரியும் நுண்பள்ளங்களில் எத்தனை துடைத்ததால் வந்தவை, எத்தனை நெடுஞ்சாலை வேகத்தில் மணல் மோதியதால் வந்தவை என்று பிரிப்பதும் எளிதல்ல. பின்னதுதான் அதிகம் என்றால், எவ்வளவு நேர்த்தியாகத் துடைத்தாலும் கண்ணாடிக்கு ஓர் ஆயுள் உண்டு.

ஓசூரில் பல வீடுகளுக்கு ஏ.சி. தேவைப்படுவதில்லை, வடிகுழாய் நீர் எல்லோருக்கும் கிடைக்காது. மழை எல்லா மாடியிலும் விழுகிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாகி 2003இலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முதல் சில நிமிட மழையைப் போகவிட்டு அடுத்ததில் பிடித்துவைத்த ஒரு குடம் நீர், வாரம் ஒருமுறை கடைசி அலசலுக்கென்றால் மூன்று மாதம் வரும்.